என் தங்கைக்குத் துணை நின்றவர்களுக்கு

தண்டையார்ப்பேட்டையிலும் வண்ணாரப்பேட்டையிலும் வாழும் அன்புடையீர், வணக்கம்.

என் தங்கையின் கணவர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போனபின், இரண்டு பிள்ளைகளுடன் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த அவளைத் தாங்கி நின்ற உங்களுக்கு, அவளுடைய சம்மதத்தோடு இந்த மடலை எழுதுகிறேன். "அண்ணன் நான் இருக்கிறேன்" என்று எத்தனை முறை சொல்லியும், எங்களுக்குப் பாரமாகிவிட்டோம் என்றே அவள் மருகிக்கொண்டிருந்தாள். அந்த எண்ணத்தை மாற்றியவர்கள் நீங்கள்.

எம்.சி. ரோட்டுக்கு அருகே தையற்கடை நடத்தும் அம்மாவுக்கே முதல் நன்றி. கணவர் ஏன் போனார், என்ன சண்டை என்று ஒரு வார்த்தையும் கேளாமல், ரவிக்கைக்குக் கொக்கி வைக்கும் வேலையைக் கொடுத்து, பிறகு துணி வெட்டவும் பழக்கினீர்கள். வாடிக்கையாளர் ஒருவரின் பட்டுத் துணியில் கைப்பகுதியைத் தவறாக வெட்டிவிட்டு அவள் அழுதபோது, "துணி போனா போவுது, வேற வாங்கிக் குடுத்துக்கலாம், நீ கத்திரிய கீழ வைக்காத" என்றீர்களாம். அதை எங்களிடம் சொன்ன இரவில்தான் அவள் வெகுநாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டாள்.

வழக்குச் செலவுக்கு என்ன செய்வதென்று கலங்கியபோது, 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்கள் வருமானம் எதுவாயினும் இலவச சட்ட உதவி பெறலாம் என்று எடுத்துரைத்து, உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள குடும்ப நீதிமன்றத்தில் ஜீவனாம்ச மனுவைத் தாக்கல் செய்த வழக்கறிஞருக்கு எங்கள் குடும்பமே கடமைப்பட்டிருக்கிறது. கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியத்துக்கு 30 வயது நிறைந்திருப்பதோடு, 5 ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்திருக்கவோ நீதிமன்றச் சான்று பெற்றிருக்கவோ வேண்டும் என்பதை, அலையவிடாமல் முதல் நாளே விளக்கிய வட்டாட்சியர் அலுவலக ஊழியருக்கும் நன்றி.

மாடிவீட்டு அக்கா, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவந்து, உங்கள் பேரனோடு உட்கார வைத்து வீட்டுப்பாடம் எழுதச் செய்கிறீர்கள். "அப்பா எங்கே" என்று தெருவில் எவரும் அவர்களிடம் கேட்டுவிடாதபடி பார்த்துக்கொண்டதும் நீங்களே என்பது எனக்குத் தெரியும். அதற்கு ஈடாக என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

வழக்கு இன்னும் நடக்கிறது. அவள் இப்போது வீட்டிலும் தையல் எடுக்கிறாள். இதே நிலையில் தவிக்கும் பெண் எவரேனும் இருந்தால் தயங்காமல் தன்னிடம் அனுப்பச் சொன்னாள். சட்ட உதவி மையத்துக்குத் தானே உடன் வந்து மனு எழுத உதவுவதாகவும் இம்மடலில் சேர்க்கச் சொன்னாள்.

நன்றியுடன்,
அவளுடைய அண்ணன்,
தண்டையார்ப்பேட்டை.