பீக்கானேர் ரயிலைப் பற்றிக் கேட்ட பையன்: குருத்வாராப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சீக்கிய குருத்வாரா நிர்வாகக் குழுக்களில் பொறுப்பில் இருக்கும் பெரியவர்களுக்கும், அங்கே கதா என்ற சமயச் சொற்பொழிவு சொல்லும் கியானிகளுக்கும்,

வாஹேகுருஜி கா கால்சா, வாஹேகுருஜி கீ ஃபதே.

இதை நான் பஞ்சாபியில் எழுதியிருக்க வேண்டும். எனக்கு அது வராது. வீட்டில் பேசுவேன், குர்முகியை விரல் வைத்து வாசிப்பேன், அவ்வளவுதான். 1947இல் ராவல்பிண்டியிலிருந்து கிளம்பிய என் தாத்தா எங்கெங்கோ அலைந்துவிட்டுக் கடைசியில் மதராஸில் வண்டி உதிரிபாகக் கடை போட்டார். நான் படித்தது, கடைக்கணக்கு எழுதுவது, சரக்கு தாமதமானால் சண்டை போடுவது எல்லாமே தமிழில்தான். உங்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

போன மாதம் என் அம்மாவின் ஊரிலிருந்து ஒரு பிரதான்ஜி, அதாவது குருத்வாராத் தலைவர், போன் செய்தார். "உங்கள் பையன் முடி வெட்டிக்கொண்டானாமே, கடவுளே இல்லை என்கிறானாமே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "மதராஸில் வளர்த்தால் வேறென்ன ஆகும்? பெரியார் ஊர்" என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏனென்றால் என் மகன் நாத்திகனானது மதராஸில் நடந்த விஷயமே இல்லை. அது பஞ்சாபின் மால்வாப் பகுதியில், என் அம்மாவின் கிராமத்தில், ஒரே மதியத்தில் நடந்தது. நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

என் தாய்மாமா கேன்சரில் போனார். பருத்தி விவசாயம், பூச்சிமருந்தைத் தோளில் சுமந்து அடித்த கை. பட்டிண்டாவிலிருந்து ராத்திரி கிளம்பி விடியற்காலையில் பீக்கானேர் போய்ச் சேரும் ஒரு ரயில் உண்டு. அங்கே ஆஸ்பத்திரியில் செலவு குறைவு என்று நோயாளிகள் அதில்தான் போவார்கள். அந்த ரயிலின் பெயர் என்னவாக இருந்தாலும் ஊரில் எல்லாரும் சொல்வது 'கேன்சர் ட்ரெயின்'. மாமாவோடு துணைக்கு இரண்டு முறை என் மகன் போயிருக்கிறான். அப்போது அவனுக்குப் பதினேழு வயது. சீட்டுக்கு அடியில் ஸ்கேன் கவர்களைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தவர்களைப் பற்றி வந்து சொன்னான்.

மாமாவுக்கான நிறைவுப் பிரார்த்தனையான போக் அன்று கதா சொல்ல ஒரு கியானிஜி வந்தார். நல்ல குரல். அம்ரித்சரில் துக்க பஞ்சனி இலந்தை மரத்தடியில் குளித்துத் தொழுநோய் தீர்ந்தவரின் கதையை ஆரம்பித்தார். அது நம் மரபில் உள்ளதுதான். அப்புறம் அங்கிருந்து நழுவி, டாக்டர்கள் கைவிட்ட கேன்சர்கூட சரோவரில், அந்தப் புனிதக் குளத்தில், குளித்துப் போனது, நம்பிக்கை வேண்டும், சிலருக்கு அது போதவில்லை என்றார். கேன்சரில் செத்த மனிதரின் படம் மாலையோடு எதிரே இருக்கிறது. என் மாமி முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

லங்கர் என்ற பொதுச் சாப்பாடு முடிந்ததும் என் மகன் அவரிடம் போய், குரலை உயர்த்தாமல், கையைக் கட்டிக்கொண்டுதான் கேட்டான்: "கியானிஜி, அப்படியானால் தினமும் ராத்திரி அந்த ரயில் ஏன் பீக்கானேர் போகிறது? அம்ரித்சர் போகலாமே?" அவர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்க்கவில்லை. "படிப்பு ஏறிவிட்டது. அகங்காரம்" என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அதை எழுதாமல் விட்டால் இந்த மடலுக்கு யோக்கியதை இல்லை.

திரும்பும்போது செருப்பு வைக்கும் இடத்தில் ஒரு பெரியவர் குந்தியிருந்தார். மாமாவின் வயலில் முப்பது வருஷம் உழைத்தவர். "நீங்கள் ஏன் உள்ளே வரவில்லை?" என்று பையன் கேட்டான். "எங்கள் குருத்வாரா அந்தப் பக்கம், மகனே" என்று கையைக் காட்டினார். இருநூறு அடி தூரத்தில் இன்னொரு நிஷான் சாஹிப் கொடி பறந்துகொண்டிருந்தது. சுடுகாடும் இரண்டு என்று அப்புறம் தெரிந்துகொண்டான்.

இரண்டு வருஷம் கழித்து முடியை வெட்டினான். சலூன் தரையில் விழ விடவில்லை. ஒரு துண்டை விரித்து அதில் சேர்த்துக் கட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்து என் அம்மா கையில் கொடுத்தான். பீஜி அந்த மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. அகங்காரம் பிடித்தவன் செய்கிற காரியமா அது?

'அகங்காரம்' என்ற இந்தச் சொல்லை நாம் புதிதாகச் சொல்லவில்லை. 1930 அக்டோபரில் லாகூர் மத்திய சிறையில் பாய் ரந்தீர் சிங், பகத் சிங்கைச் சந்தித்தார். ஒருவர் ஆங்கிலேயரை எதிர்த்த 'கதர்' என்ற புரட்சி இயக்கத்தின் வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று வருஷக்கணக்கில் சிறையில் வாடிய பக்திமான். இன்னொருவர் தூக்குக்குக் காத்திருந்த இருபத்து மூன்று வயது இளைஞர். கடவுளை ஏற்க வைக்கப் பெரியவர் பாடுபட்டார். முடியாதபோது, புகழ் தலைக்கேறிய அகங்காரம் என்று கடிந்துகொண்டார். 'நான் ஏன் நாத்திகன்' என்ற கட்டுரை அதற்கு எழுந்த பதில். எடுத்த எடுப்பிலேயே பகத் சிங் தன்னைத்தானே விசாரித்துக்கொள்கிறார்: எனக்கு இருப்பது கர்வமா? சிறுவயதில் மணிக்கணக்கில் காயத்ரி ஜபித்ததையும், பிறகு கேஷ், அதாவது வெட்டாத முடி, வைத்துக்கொண்டதையும், 1926 முடிவதற்குள் நம்பிக்கை முழுசாகப் போய்விட்டதையும் ஒளிக்காமல் சொல்கிறார். கடைசி நாளில் நீயும் கும்பிடுவாய் என்று ஒரு நண்பர் சொன்னதற்கு, சுயநலத்துக்காகக் கும்பிடுவது தனக்கு இழிவு என்கிறார். கடவுளிடம் ஒரு சலுகையும் கேட்காத அந்த மனிதரை நினைத்தால், போர்டு பரீட்சைக்காக அர்தாஸ் என்ற கூட்டுப் பிரார்த்தனைக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவருக்கு நாம் செய்தது என்ன? படத்தில் தொப்பியா, தலைப்பாகையா என்று சண்டை போடுகிறோம். கடைசியில் மனம் மாறிவிட்டார் என்று சொல்லித் திருப்திப்பட்டுக்கொள்கிறோம். அவர் கேட்ட கேள்வியை மட்டும் எடுப்பதில்லை.

பிரதான்ஜி சொன்ன 'பெரியார் ஊர்' இந்த இடத்தில்தான் வருகிறது. தூக்கு நடந்த ஒரே வாரத்தில், 1931 மார்ச் 29 தேதியிட்ட குடி அரசில் பெரியார் பகத் சிங்கைப் பற்றித் தலையங்கம் எழுதினார். கொஞ்ச காலத்தில் ஜீவானந்தம் பகத் சிங்கின் அந்த நாத்திகக் கட்டுரையைத் தமிழாக்க, அதை அச்சிட்டதற்காக ஜீவாவும் பெரியாரின் அண்ணன் கிருஷ்ணசாமியும் கைதானார்கள். ஆக, மதராஸ் எங்களுக்கு நாத்திகத்தைக் கற்றுக்கொடுத்தது என்பது பாதிக் கதை. லாகூரிலிருந்து ஒரு பஞ்சாபி எழுதி அனுப்பிய சரக்கும் இங்கே இறங்கியிருக்கிறது. அதே மாதிரி, 1984இல் பஞ்சாபின் பர்னாலாவில் தர்க்கஷீல் சொசைட்டி என்ற பகுத்தறிவாளர் அமைப்பைத் தொடங்கியவர்களுக்கு உந்துதலாக இருந்தது டாக்டர் கோவூரின் எழுத்து. கேரளத்தில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு வாத்தியாராகப் போன மனிதர். சாமியார்களின் அற்புதங்களைப் பரிசோதிப்பதையே வேலையாக வைத்திருந்தவர். மால்வாவின் கிராமங்களில் அவர் பேச்சு எடுபட்டது என்றால், அங்கே தாயத்தும் தேராக்கள் என்ற சாமியார் மடங்களும் எவ்வளவு மண்டிக் கிடந்தன என்று யோசியுங்கள். குரு நானக் ஒழித்துக்கட்டச் சொன்னதைத்தான் அந்த நாத்திகர்கள் ஊர் ஊராகப் போய் ஒழித்துக்கொண்டிருந்தார்கள். நாம் மைக் செட் கட்டிக்கொண்டிருந்தோம்.

கேள்வி கேட்காமலேயே வெளியேறியவர்களும் இருக்கிறார்கள். என் பூஆ, அதாவது அப்பாவின் தங்கை, தில்லி திரிலோக்புரியில் இருந்தார். 1984 நவம்பர் தொடக்கத்தில் நடந்த சீக்கியர் படுகொலையில் அவருடைய கணவரும் மூத்த மகனும் போனார்கள். அரசுக் கணக்குப்படியே தில்லியில் செத்தவர்கள் 2,733 பேர். பிறகு திலக் விஹாரில் விதவைகளுக்குக் கொடுத்த வீட்டில் இருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்தால் அர்தாஸ் நேரத்தில் எல்லாரும் கண்ணை மூடிக் கைகூப்பி நிற்போம். பூஆ மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு சுவரைப் பார்த்தபடி நிற்பார். ஒருமுறை கேட்டேன். ஆறுதல் சொல்ல வந்த ஒரு கியானி, இது அவன் பாணா, அவன் சித்தம், இனிப்பாக ஏற்றுக்கொள் என்றாராம். "எரிந்த ரப்பர் நாற்றம் இன்னும் தலைமுடியில் இருந்தது. அப்போது வந்து இனிப்பு என்றான்" என்றார் பூஆ. அதற்கு மேல் பேசவில்லை.

அந்த 'இனிப்பு' எங்கிருந்து வந்தது? 'தேரா கீயா மீட்டா லாகை', நீ செய்வது எனக்கு இனிக்கிறது என்பது குரு அர்ஜன் பாடியது. 1606இல் லாகூரில், கொதிக்கும் இரும்புத் தட்டில் உட்கார வைக்கப்பட்டபோது அவர் வாயில் இருந்த சொல் என்று நம் மரபு சொல்கிறது. உட்கார்ந்திருந்தது அவர். வெந்தது அவர் உடம்பு. சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது.

மற்றவர்கள் வெந்தபோது குரு என்ன சொன்னார் என்பதும் நம் புனித நூலான குரு கிரந்த் சாஹிபிலேயே இருக்கிறது, 360ஆம் பக்கம். 1521 வாக்கில் பாபரின் படை சையத்பூரை அழித்தது. அதைப் பார்த்த குரு நானக் கடவுளைப் பார்த்துக் கேட்கிறார்: 'ஏதீ மார் பயீ கர்லாணே, தை கீ தரத் ந ஆயா?' இத்தனை அடி விழுந்தது, இத்தனை பேர் கதறினார்கள், உனக்கு வலிக்கவில்லையா? அதோடு விடவில்லை. பலசாலி பலசாலியை அடித்தால் மனசுக்குக் கோபம் இல்லை. ஆனால் புலி மாட்டு மந்தையில் பாய்ந்தால் மந்தைக்காரன்தான் பதில் சொல்ல வேண்டும் என்கிறார். கடவுளையே கூண்டில் ஏற்றுகிறார். கண்ணை இழந்து திருவாரூரில் நின்ற சுந்தரர் 'வாழ்ந்து போதீரே' என்று சிவனை வைததை எங்கள் தமிழையா பள்ளியில் நடத்தியபோது, எனக்கு உடனே இந்தப் பாட்டுத்தான் ஞாபகம் வந்தது.

தன் வலிக்கு 'இனிக்கிறது', அடுத்தவர் வலிக்கு 'உனக்கு வலிக்கவில்லையா'. நாம் இதைத் தலைகீழாக்கிவிட்டோம். நமக்குத் தலைவலி வந்தால் கிரந்தத்தை இடைவிடாமல் வாசிக்கும் அகண்ட பாட் வைத்து முறையிடுகிறோம். பூஆவுக்கு வந்தால் பாணா என்கிறோம். அன்று மாமாவின் போக்கில் என் மகன் கேட்டது 360ஆம் பக்கத்துக் கேள்வி. அந்தப் பக்கத்தை அவனுக்குக் காட்ட வேண்டிய கியானி அவனை வெளியே அனுப்பினார். நாத்திகனாகிற எல்லாரும் இப்படி ஆகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. யோசித்து, படித்து, எந்தக் காயமும் இல்லாமல் அந்த முடிவுக்கு வருகிறவர்கள் உண்டு. அது அவர்கள் பாடு. எனக்குத் தெரிந்த நாலைந்து பேரை நாமே வழியனுப்பி வைத்தோம் என்பதைத்தான் சொல்கிறேன்.

ஜாதிக் கணக்கு சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். 1920 அக்டோபர் 12 அன்று, தாழ்ந்த ஜாதி என்று ஒதுக்கப்பட்டு, புதிதாக அம்ரித் என்ற தீட்சை எடுத்தவர்கள் ஹர்மந்திர் சாஹிபுக்கு, அதாவது பொற்கோயிலுக்கு, வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த கடா பிரசாதத்தைப் பூஜாரிகள் தொட மறுத்தார்கள். தகராறு முற்றி, கிரந்தத்தையே கேட்போம் என்று பக்கத்தைத் திறந்தார்கள். வந்த வாக்கு: குணமற்றவர்களை அவனே மன்னித்துச் சத்குருவின் சேவையில் சேர்க்கிறான். அதோடு வாதம் முடிந்தது. ஒரே மாதத்தில், நவம்பர் 15 அன்று, குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி உருவானது. இன்று நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிகளின் பூர்வீகம் அந்தப் பிரசாதத் தட்டு. 2011 கணக்கெடுப்பில் பஞ்சாபில் நூற்றுக்கு 32 பேர் பட்டியல் ஜாதியினர். வேறெந்த மாநிலத்திலும் இந்த விகிதம் இவ்வளவு இல்லை. தோல் வேலை செய்த ஜாதியில் பிறந்த ரவிதாசர் கிரந்தத்தில் பாடிய பாட்டுக்கு நெற்றி தரையில் படத் தலைவணங்கிவிட்டு, அவரைப் பின்பற்றும் ரவிதாசியாக்கள் ஏன் தனி மதம் என்று போய்விட்டார்கள் என்று ஆச்சரியப்படுகிறோம். இதைப் பார்க்கிற பதினேழு வயதுப் பையனிடம் கடவுள் எல்லாருக்குள்ளும் இருக்கிறார் என்று சொல்லிப் பாருங்களேன்.

சரி, நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கதா முடிந்ததும் ஒரு அரைமணி நேரம் கேள்விக்கு விடுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். என் மகன் அதைக் கேட்டிருந்தால் இன்னும் கொஞ்ச காலம் உட்கார்ந்திருப்பான். சரோவரில் கேன்சர் போகும் என்று சொல்கிறவருக்கு மைக்கைக் கொடுக்காதீர்கள். தரன் தாரனில் குரு அர்ஜன் தொழுநோயாளிகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தார் என்பதும் நம் மரபுதானே? கோலக்கில் விழும் பணத்தில் பளிங்குக்கல் பதித்தது போதும். பீக்கானேர் போகிறவர்களுக்கு ஸ்கேன் செலவுக்கு ஒதுக்குங்கள், கணக்கை வாசலில் ஒட்டுங்கள். கைவிடப்பட்ட ஒரு ஊனமுற்ற பையனைப் பதினான்கு வருஷம் தன் முதுகில் சுமந்த பகத் பூரண் சிங்கிடம் போய்க் கடவுள் இருக்கிறாரா என்று எந்த நாத்திகன் சண்டை போட்டான்? என் அம்மாவின் கிராமத்தில் அந்த இன்னொரு குருத்வாராவுக்கு ஒருநாள் நீங்களே நடந்து போய் லங்கரில் உட்காருங்கள். இருநூறு அடிதான்.

நான் நம்பிக்கை உள்ளவன். விடியற்காலையில் ஜப்ஜி சொல்லாமல் கடை திறப்பதில்லை. என் மகன் திரும்பி வர வேண்டும் என்று ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அதற்காக அவனிடம் பேரம் பேச மாட்டேன்.

இப்போது அவன் வேலை பார்க்கும் ஊரில் ஞாயிற்றுக்கிழமை குருத்வாராவுக்குப் போகிறான். தர்பார் ஹாலுக்குள் நுழைவதில்லை. தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நேராகப் பின்பக்கம் போய்த் தட்டு கழுவுகிறான். ஏன் என்று கேட்டால், "அங்கே யாரும் எதையும் நம்பச் சொல்வதில்லை, அப்பா" என்கிறான். அந்த ஊர்க் குழுவில் ஒருவர், நம்பிக்கை இல்லாதவன் சேவை செய்யலாமா என்று கேட்டிருக்கிறாராம். அவருக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான்: பன்னிரண்டு மணிக்கு மேல் தட்டு குவிந்துவிடும், ஆள் பற்றாது. கையை மடித்துவிட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நில்லுங்கள். ரயிலைப் பற்றி அவன் இன்னும் கேட்டாலும் கேட்பான்.

சங்கத்தில் ஒருவன்,
சென்னை