அடுப்புக்கு விறகு என் கோணியிலிருந்தா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடசென்னை கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வரப்போவதைப் பற்றி உங்கள் நாளிதழில் தொடர்ந்து படிக்கிறேன். அதிகாரிகள் சொல்வது வருகிறது, குடியிருப்போர் சங்கத்தினர் சொல்வதும் வருகிறது. காயலான் கடைக்காரர் யாரும் சொல்லி நான் படிக்கவில்லை. வியாசர்பாடியில் 27 வருடமாகக் கடை நடத்துகிறோம். முதலில் என் வீட்டுக்காரர் பார்த்தார், அவர் போன பிறகு நான் பார்க்கிறேன். உங்கள் பேப்பரும் கடைசியில் என் தராசுக்குத்தான் வருகிறது என்பதால் எழுத எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

எரிப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். வயரை எரித்துச் செம்பு எடுத்த கடைதான் எங்களுடையது. வயரின் மேல்தோல் பிவிசி என்ற பிளாஸ்டிக். கத்தியால் சீவினால் ஒரு நாள் வேலை, தீ வைத்தால் அரை மணி. ராத்திரி எட்டு மணிக்கு மேல் கடைக்குப் பின்னால் தகர டின்னில் போட்டுக் கொளுத்துவோம். தொண்டையில் உப்புத்தாள் தேய்த்த மாதிரி இருக்கும். மறுநாள் தலைக்கு ஊற்றினாலும் முடியிலிருந்து அந்த நாற்றம் போகாது. என் வீட்டுக்காரரின் இருமலுக்கு அது காரணமா, பீடி காரணமா என்று எந்த டாக்டரும் பிரித்துச் சொல்லவில்லை. கடை என் கைக்கு வந்ததும் அந்த டின்னையே எடைக்குப் போட்டுவிட்டேன். இப்போது சீவித்தான் எடுக்கிறோம்.

புதிய ஆலையில் புகையை வடிகட்டும் கருவி இருக்கும் என்கிறார்கள். சரி, இருக்கட்டும். குப்பைமேடு அங்கே இருக்கவேண்டும் என்று நானும் சொல்லவில்லை. அந்தப் புகையில் பிள்ளை வளர்த்தவள்தான் நான். என் கேள்வி வேறு. அந்த அடுப்பில் எதைப் போடுவார்கள்?

சென்னையில் ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. அதில் பாதிக்கு மேல் மிஞ்சின சோறு, வாழை இலை, காய்கறித் தோல், இளநீர் மட்டை. எல்லாம் ஈரம். 1987-ல் டெல்லி திமார்பூரில் டென்மார்க் நாட்டுக் கம்பெனியை வைத்து, ஒரு நாளைக்கு 300 டன் எரிக்கும் ஆலை கட்டினார்கள். மூன்று வாரம் ஓட்டிப் பார்த்ததோடு நின்றுபோனது. நம் ஊர்க் குப்பை அந்த அடுப்பில் எரிகிற குப்பையாக இல்லை. அப்படியானால் அடுப்பு அணையாமல் எரிய என்ன வேண்டும்? அட்டை வேண்டும், பேப்பர் வேண்டும், பிளாஸ்டிக் வேண்டும். விறகு என் கோணியிலிருந்துதான் போகவேண்டும். மறுசுழற்சிக்கு ஆகாததைத்தான் எரிக்க அனுப்பலாம் என்று திடக்கழிவு விதியில் இருக்கிறதாம். விதி நல்ல விதிதான். தினம் இத்தனை டன் தருகிறோம் என்று ஒப்பந்தம் போட்ட பிறகு, பெட் பாட்டில் எது, பிஸ்கட் கவர் எது என்று நின்று பொறுக்கிக்கொண்டிருப்பார்களா?

இந்த விதியெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். 1985-லிருந்து சென்னையில் இயங்கும் சிஏஜி என்ற நுகர்வோர் குழு போன்ற அமைப்புகள், குப்பையைக் குறைக்கவும், திரும்பப் பயன்படுத்தவும், மறுசுழற்சிக்கும் சரியான கொள்கை வேண்டும், எரிப்பது வழியல்ல என்று வருடக்கணக்காகப் பேசுகின்றன. அந்த மாதிரி ஓர் அமைப்பிலிருந்து இரண்டு பெண்கள் போன வருடம் கடைக்கு வந்தார்கள். கையில் ஒரு துண்டறிக்கை. அதில் 'சுழற்சிப் பொருளாதாரம்' என்று போட்டிருந்தது. "இது யாருக்கும்மா?" என்று கேட்டேன். கழிவே இல்லாத நகரம்தான் எங்கள் லட்சியம் என்று சொன்னாள் ஒருத்தி. அப்போ நான் கடையை மூடவேண்டியதுதான் என்றேன். சிரித்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் பேச்சு சரியாக வந்தது.

பிளாஸ்டிக்கை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். கசக்கிக் காட்டினேன். கவர் சரசர என்று சத்தம் போட்டால் ஹெச்எம் என்ற ரகம், சத்தமில்லாமல் மெத்தென்று மடங்கினால் எல்டி என்ற ரகம். சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டு வெட்டி வாளித் தண்ணீரில் போடு. பிபி என்ற ரகம் மிதக்கும், பிவிசி முழுகும். கடைசியில் ஒரு மூட்டை மிஞ்சியது. ஷாம்பு, மசாலா, சிப்ஸ், பாக்கு என்று பளபளக்கும் கவர்கள். பிளாஸ்டிக்கும் அலுமினியத் தாளும் ஒட்டிக் கிடக்கும், பிரிக்க முடியாது. அதற்கு விலை கிடையாது. சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லை.

அந்த மூட்டையைத் தார்ப்பாயில் கொட்டச் சொன்னார்கள். உட்கார்ந்து, ஒவ்வொரு கவராகத் திருப்பி, எந்தக் கம்பெனி என்று படித்துப் பிரித்தார்கள். இதற்கு பிராண்ட் ஆடிட் என்று பெயராம், உலகம் முழுக்கச் செய்கிறார்களாம். மூன்று மணி நேரத்தில் மூட்டையில் பெரும்பங்கு ஏழெட்டுக் குவியலில் அடங்கிவிட்டது. நான் வாயடைத்துப் போனேன். 27 வருடமாக இது என்ன ரகம் என்று பார்த்தேனே தவிர, யார் வீட்டுப் பிள்ளை என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

இதே கடைக்குப் பால் கவர் எப்படி வருகிறது தெரியுமா? கழுவி, காயவைத்து, ஒன்றுக்குள் ஒன்று செருகி, ரப்பர் பேண்டு போட்டு வருகிறது. யாரும் விழிப்புணர்வு முகாம் நடத்தவில்லை. பால் கவருக்கு விலை இருக்கிறது, அவ்வளவுதான். விலை உள்ளது எதுவும் கொடுங்கையூர் போய்ச் சேருவதில்லை, வழியிலேயே யாராவது பொறுக்கிவிடுவார்கள்.

நீலகிரியில் காட்டுக்குள் மது பாட்டில் உடைந்து யானையின் காலைக் கிழிக்கிறது என்று உயர் நீதிமன்றம் தலையிட்டதில், 2022 மே மாதம் டாஸ்மாக் கடையில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. பத்தில் ஒன்பதுக்கு மேல் திரும்பி வந்தது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் போனது. பாட்டில் அடுக்க இடமில்லை, வேலை கூடிவிட்டது என்று டாஸ்மாக் ஊழியர்கள் முறையிட்டதும் நியாயம்தான், அதற்கும் கூலி கணக்கில் சேரவேண்டும். ஆனால் குடித்துவிட்டு வருகிறவரையே பாட்டிலைப் பத்திரமாக எடுத்துவர வைத்தது அந்தப் பத்து ரூபாய். ஷாம்பு கவருக்கு ஒரு ரூபாய் வைத்தால் வியாசர்பாடிச் சாக்கடையில் ஒரு கவர் கிடைக்குமா?

இந்தச் சின்னப் பாக்கெட் ஷாம்பு வியாபாரத்துக்கு வழி காட்டியவர் நம் கடலூர் சின்னிகிருஷ்ணன். ஏழை வீட்டுப் பெண்களும் ஷாம்பு போட்டுக் குளிக்க அதுதான் வழி செய்தது, அதைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. விற்கத் தெரிந்த நாம் திரும்ப வாங்கத்தான் யோசிக்கவில்லை. தங்கள் பிளாஸ்டிக் கவருக்குக் கம்பெனிகளே பொறுப்பேற்க வேண்டும் என்று மத்திய அரசு 2022 பிப்ரவரியில் விரிவான விதி போட்டது. கம்பெனி தானே வந்து எடுக்கவேண்டியதில்லை, மறுசுழற்சி செய்தவரிடம் சான்றிதழ் வாங்கிக் காட்டினால் போதும். 2023-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சோதித்தபோது, நான்கே மறுசுழற்சி நிறுவனங்கள் சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ் போட்டிருந்தது தெரிந்தது. தாளில் மறுசுழற்சி ஆன கவர் என் கடைக்குப் பின்னால் மூட்டையில் கிடக்கிறது. 2021 அக்டோபரில் பழைய பிளாஸ்டிக்குக்கு ஜிஎஸ்டியை 5 சதவீதத்திலிருந்து 18 ஆக்கினார்களே, அப்போது எந்த அமைச்சரும் எங்களைக் கேட்கவில்லை. அந்த மாதம் எல்டி விலையில் வெட்டு விழுந்தது மேட்டில் பொறுக்கும் பெண்களின் கையில்.

2025 மே மாதம் வடசென்னைக்காரர்கள் ஆலைக்கு எதிராக மனிதச் சங்கிலி பிடித்தபோது நானும் ஷட்டரை இறக்கிவிட்டுப் போய் நின்றேன். பக்கத்தில் நின்ற அம்மா, "உனக்கென்ன, குப்பை இருந்தால்தானே உனக்குப் பிழைப்பு" என்றார். அவரிடம் பதில் சொல்ல அன்றைக்கு வரவில்லை, அதைத்தான் இங்கே இவ்வளவு நீளமாக எழுதிவிட்டேன்.

அந்தப் பெண்கள் பிரித்த கவர்களை நான் தூக்கிப்போடவில்லை. கம்பெனிவாரியாகத் தனித்தனிப் பையில் கட்டி வைத்திருக்கிறேன். ஆலை பற்றி முடிவெடுக்கும் அதிகாரிகள் யாராவது வந்தால் பிரித்துக் காட்டுகிறேன். மதியம் இரண்டு மணிக்கு மேல் வரச்சொல்லுங்கள், அப்போதுதான் தராசு சும்மா இருக்கும்.

இப்படிக்கு,
காயலான் கடை நடத்தும் வாசகி,
வியாசர்பாடி, சென்னை-39