அந்தச் சைரனை நிறுத்துங்கள்: தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் வடசென்னை வியாசர்பாடியில் அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ், கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால் இரவு பதினொன்று வரை ஆள் வந்துகொண்டே இருக்கும். கடையில் ஒரு டிவி உண்டு. அதில் பெரும்பாலும் உங்கள் செய்திகள்தான் ஓடும். கடைக்குப் பின்னாலேயே வீடு, நடுவில் ஒரு துணித்திரைதான். அந்தப் பக்கம் கட்டிலில் என் ஆயா (பாட்டி) படுத்திருப்பார். 1933-இல் பர்மாவின் ரங்கூனில் பிறந்தவர்.

2025 மே மாதம் நினைவிருக்கும். காஷ்மீரின் பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றதற்குப் பதிலடியாக மே 7 அதிகாலை நம் ராணுவம் பாகிஸ்தானில் தாக்குதல் நடத்தியது. அன்றைக்கே சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் பாதுகாப்பு ஒத்திகை நடந்தது. கடையில் வேறு பேச்சே இல்லை. பஹல்காமில் செத்தவர்களை நினைத்து எனக்கும் கோபம் இருந்தது, அதை மறைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, கூட்டம் நிறைந்த நேரத்தில், ஒரு சேனலில் எல்லைச் செய்திக்குப் பின்னணியாக வான்தாக்குதல் சைரனை ஓடவிட்டார்கள். ஏறி ஏறி இறங்கும் அந்த ஊளைச் சத்தம். எந்தச் சேனல் என்று இங்கே எழுதவில்லை. எழுதினால் மற்றவர்கள் இது தங்களுக்கு இல்லை என்று நினைத்துக்கொள்வீர்கள்.

திரைக்குப் பின்னாலிருந்து ஆயா கத்தினார். "லைட்ட அணைடா! லைட்ட அணை!"

நான் உள்ளே போவதற்குள் கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தார். தானாக எழுந்து உட்காரவே முடியாதவர். எப்படி இறங்கினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. "பள்ளம் எங்க? தம்பி எங்க?" என்று கேட்டார். வாசலில் வெட்டி வைத்திருந்த பதுங்குபள்ளத்தைத்தான் கேட்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. தம்பி என்றது என்னை இல்லை. 1942-இல் நாலு வயதில் இறந்துபோன தன் தம்பியை.

ரங்கூனில் ஜப்பான்காரனின் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. ஆயாவுக்கு அப்போது எட்டு வயது. அன்று சைரன் ஊதியபோது ஊர் ஜனங்களில் நிறையப் பேர் பதுங்கவில்லை. வானத்தில் ஏரோப்ளேன்கள் சண்டை போடுவதைப் பார்க்கத் தெருவுக்கு ஓடி வந்தார்கள். அதுவரை அப்படி ஒன்றை அவர்கள் பார்த்ததில்லை. வேடிக்கை பார்த்து நின்ற கூட்டத்தின் மேல்தான் குண்டுகள் விழுந்தன. ஆயாவின் சித்தப்பா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, "இதோ பார்த்துட்டு வந்திடுறேன்" என்று போனவர். அவர் உடல்கூடக் கிடைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, கிறிஸ்துமஸ் அன்று, மறுபடியும் குண்டு போட்டார்கள்.

அப்புறம்தான் நடை. ரங்கூனிலிருந்து ப்ரோம், அங்கிருந்து மலைப்பாதையில் டாங்கப், படகில் அக்யாப், பிறகு சிட்டகாங். பர்மாவிலிருந்து அப்படிக் கிளம்பிய நம் ஜனங்கள் நான்கைந்து லட்சம் பேர். வழியில் செத்தவர்கள் பல்லாயிரம். ஜப்பான்காரன் குண்டில் செத்தவர்களை விட காலராவில் செத்தவர்களைத்தான் ஆயா அதிகம் பார்த்திருக்கிறார். அவர் தம்பியும் மலை இறங்கும் இடத்தில் காலராவில்தான் போனான். புதைக்க நேரமில்லை. தேக்கு இலைகளைப் போட்டு மூடிவிட்டு நடந்தார்கள். இதைச் சொல்லும்போது ஆயா அழுவதில்லை. இலை போதவில்லை என்பதை மட்டும் ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

போர் முடிந்து, ராமநாதபுரம் பக்கம் பிழைக்க வழியில்லாமல், திரும்பவும் ரங்கூன் போனார்கள். 1962-இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, கடைகளையெல்லாம் அரசுடைமையாக்கிய பிறகு 1965-இல் மறுபடியும் கப்பல். இந்தத் தடவை மெட்ராஸ் துறைமுகம். வடசென்னையில் இந்தக் கதை இல்லாத தெருக்கள் குறைவு. பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார் வந்ததும், நீங்கள் நின்றுகொண்டே சாப்பிடும் அத்தோ வந்ததும் இப்படித்தான்.

இந்த ஊரும் குண்டு வாங்கிய ஊர்தான். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது. உயர் நீதிமன்ற மதிலில் அதற்குக் கல்வெட்டு இருக்கிறது. அன்றைக்குச் செத்தவர்களை நமக்குத் தெரியாது. கெட்டிக்காரனை "சரியான எம்டன்" என்று சொல்ல மட்டும் தெரியும். சுட்டவன் பெயர் சொல்லாகி நின்றுவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2025 மே 10 அன்று, விழிப்புணர்வு நிகழ்ச்சிகளைத் தவிர வேறு எதிலும் வான்தாக்குதல் சைரன் ஒலியைப் பயன்படுத்த வேண்டாம் என்று மத்திய அரசே ஊடகங்களுக்கு அறிவுரை அனுப்பியது. கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டால், நிஜமாக ஊதும்போது மக்கள் அசட்டையாக இருந்துவிடுவார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். நியாயமான காரணம். ஆனால் சைரன் போன இடத்தில் உங்களிடம் முரசு வந்துவிட்டது. இப்போது வேறு நாட்டுப் போர் ஓடும்போதும் அதே முரசு, அதே திரை அதிர்வு, ஏவுகணை பாயும் அதே கார்ட்டூன் படம். என் கடைக்கு வரும் பையன்கள் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஐபிஎல் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். சித்தப்பா தெருவுக்கு வந்தது போலவே அவர்களும் வருகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. தெருவுக்கு வரச் சொல்லி மேளம் அடிப்பவர்கள் நீங்கள்.

புழல் காவாங்கரை இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து ஒரு அக்கா என்னிடம் மிளகாய்த்தூள் அரைத்துக் கொண்டுவந்து கொடுப்பார். 2006-இல் படகில் வந்தவர். ஆயாவுக்கு நடந்ததை அவரிடம் சொன்னேன். "எங்களுக்குச் சைரன் எண்டு ஒண்டும் இல்லைத் தம்பி. கிபிர் சத்தம் கேக்கேக்கை பங்கருக்குள்ள இருக்கோணும், அவ்வளவுதான்" என்றார். கிபிர் என்றால் குண்டு போடும் போர் விமானம். கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்தார். பிறகு, "இதுக்கு ஏன் பாட்டுப் போடுகினம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள், அவரிடம் சொல்கிறேன்.

போரைக் காட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காட்டுங்கள், இன்னும் அதிகமாகக் கூடக் காட்டுங்கள். அந்த மே மாதம் காஷ்மீர் எல்லையில் உள்ள பூஞ்ச்சில் எல்லை தாண்டி வந்த குண்டுகளில் குழந்தைகளும் செத்தார்கள். அந்த வீடுகளில் இப்போது யார் இருக்கிறார்கள், கூரை போட்டாகிவிட்டதா, பள்ளிக்கூடம் நடக்கிறதா என்று நீங்கள் திரும்பிப் போய்ப் பார்த்து எங்களுக்குச் சொல்லலாமே. துப்பாக்கி ஓய்ந்த மறுநாளே உங்கள் கேமரா கிளம்பிவிடுகிறது. ஆயாவின் ஆயுளில் முக்கால்வாசி, குண்டு நின்றதற்கு அப்புறம் நடந்ததுதான்.

இசையை எடுத்துவிடுங்கள். செய்தி படிப்பவரின் குரல் மட்டும் போதும். அதைத்தான் கேட்கிறேன்.

கடையில் டிவி இப்போதும் ஓடுகிறது. சத்தத்தை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன். "சவுண்டு வைங்கண்ணா" என்று யாராவது கேட்டால் உள்ளே ஆயா தூங்குகிறார் என்று சொல்வேன். சில நாள் அவர் தூங்கியிருக்க மாட்டார்.

உங்களில் யாராவது வியாசர்பாடி பக்கம் வந்தால் கடைக்கு வாருங்கள். சாயங்காலம் நாலு மணி வாக்கில் ஆயா நன்றாகப் பேசுவார். கேமரா வேண்டாம். கொஞ்சம் பக்கத்தில் உட்கார வேண்டும், காது மந்தம். ஆனால் அந்தச் சைரன் மட்டும் அவருக்கு எப்படியோ கேட்டுவிட்டது.

அன்புடன்,
ஒரு அத்தோ கடைக்காரன்
வியாசர்பாடி