ஊர் மாறினால் பிரீமியம் ஏன் ஏறுகிறது? நோட்டீஸிலேயே எழுதட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கார் காப்பீடு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நாலு கம்பெனியில் விசாரித்துவிட்டு வாங்குங்கள் என்று சொல்லியிருந்தீர்கள், நல்ல யோசனைதான். ஆனால் ஒரே கம்பெனியில், ஒரே காருக்கு, ஒரே ஆளுக்கு முகவரி மாறிய உடனே தொகை ஏறுகிறதே, அது ஏன் என்று ஒரு வரிகூட இல்லை.

போன வருடம் வேலை மாற்றலாகிப் பெரிய நகரத்துக்கு வந்தேன். புதுப்பிக்கும் நேரத்தில் பழைய பாலிசியையும் புது நோட்டீஸையும் மேஜையில் அருகருகே வைத்து வரிவரியாகப் பார்த்தேன். மாடல், எஞ்சின் எண், என் பெயர், பிறந்த தேதி எல்லாம் அப்படியே இருந்தன, கிளைம் இரண்டிலும் பூஜ்யம். முகவரி வேறு, தொகை வேறு, அவ்வளவுதான். போன் செய்து கேட்டால் சிஸ்டத்தில் அப்படித்தான் வருகிறது என்றார்கள். எனக்கு வந்த கோபம் தொகை ஏறியதற்காகக்கூட இல்லை, அந்தப் பதிலுக்காகத்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. நான் எப்படி ஓட்டுகிறேன் என்பதை மட்டும் வைத்துக் காப்பீட்டுக்கு விலை போட முடியாது, என்னைச் சுற்றி ஓட்டுகிறவர்களும் அந்தக் கணக்கில் வருகிறார்கள். ஓர் இடத்தில் எத்தனை கிளைம் வருகிறது, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு செலவாகிறது, இந்த இரண்டையும் பெருக்கித்தான் அடிப்படைத் தொகையே. நெரிசல் மிகுந்த நகரத்தில் சின்னச் சின்ன உரசல்கள் அதிகம். சிற்றூர்ச் சாலையில் மோதல் குறைவு, ஆனால் வேகத்தில் நடப்பதால் பலமாக அடிபடும்.

செலவு என்றால் என்ன என்பதை நானே பார்த்தேன். காரை நிறுத்திவிட்டுத் திரும்பி வருவதற்குள் யாரோ பின்பக்க பம்பரை உரசிவிட்டுப் போயிருந்தார்கள். வெளியே விரல் நீளத்துக்கு ஒரு கீறல், உள்ளே பார்க்கிங் சென்சாரைப் பிடித்து நிற்கும் கிளிப் உடைந்துவிட்டது. கிளைம் போடாமல் கைக்காசுதான் கொடுத்தேன், அதனால் பில்லை நன்றாகவே படித்தேன். பெயிண்டை விட சென்சார் வேலைக்கும் லேபருக்கும்தான் அதிகம் போயிருந்தது. வாடகையும் சம்பளமும் ஏறிய ஊரில் ஒர்க்‌ஷாப் லேபரும் ஏறத்தான் செய்யும், காப்பீட்டு கம்பெனியும் அதே பில்லைத்தான் கட்டுகிறது. இதோடு திருட்டு, வெள்ளம், காப்பீடே இல்லாமல் ஓடும் வண்டிகள் எல்லாம் சேரும். ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1984 ஜூலை 12 அன்று பெய்த ஒரே ஆலங்கட்டி மழையில் சுமார் 2 லட்சம் கார்கள் சேதமாயின, அதில் எந்த ஓட்டுநரைக் குறை சொல்வது?

சட்டமும் விலையை மாற்றும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் விபத்தில் அடிபட்டவருக்கு ஆயுள் முழுக்க வரம்பில்லாத மருத்துவச் செலவு என்பது ஒவ்வொரு பாலிசியிலும் கட்டாயமாக இருந்தது, அங்குள்ள டெட்ராய்ட் நகரம் கார் காப்பீட்டில் அந்த நாட்டிலேயே மிக அதிகம் கட்டும் இடங்களில் ஒன்றாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2019-ல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள்.

இதெல்லாம் எனக்குப் புரிகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொள்ள முடியாதது ஒன்று இருக்கிறது. ஏழைகள் அதிகம் வாழும் பகுதி என்றால், பத்து வருடம் கிளைமே போடாத ஒருவர்கூட அந்த அஞ்சல் எண்ணுக்காகக் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கிறது, வேறு ஊருக்குப் போகவும் அவரிடம் வசதி இருக்காது. இதற்கு வழியே இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். கலிஃபோர்னியாவில் 1988-ல் மக்களே வாக்களித்துக் கொண்டுவந்த சட்டப்படி, ஓட்டிய வரலாறு, வருடத்துக்கு எவ்வளவு தூரம் ஓடுகிறது, எத்தனை வருட அனுபவம், இந்த மூன்றுக்குத்தான் முதல் எடை, இடமெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்தியாவில் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு, அதாவது நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கான பகுதிக்கு, அரசே கட்டணம் நிர்ணயிக்கிறது, தனியார் கார் என்றால் எஞ்சின் அளவுதான் கணக்கு, ஊர் எதுவானாலும் ஒன்றுதான். நம் காருக்கே ஆகும் சேதத்துக்கான பகுதியில்தான் ஊர் வித்தியாசம் வருகிறது.

அப்புறம், தெரிந்தவர் ஒருவர் ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டு முகவரியைக் கொடு, தொகை குறையும் என்றார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். வண்டி ராத்திரி எங்கே நிற்கிறது என்று பொய் சொல்லி வாங்கிய பாலிசி, பெரிய விபத்து நடக்கும் நாளில் கைவிட்டுவிடலாம்.

நோட்டீஸில் மொத்தத் தொகைக்கு மேலே இன்னும் இரண்டு வரி அச்சிட எவ்வளவு இடம் வேண்டும்? முகவரியால் கூடியது இவ்வளவு, அதில் திருட்டுக்கு இவ்வளவு, ரிப்பேருக்கு இவ்வளவு என்று போட்டால் போதும். கம்பெனியிடம் கணக்கு இருக்கிறது, கணக்கு இல்லாமல் விலை போட்டிருக்க முடியாது. அடுத்த முறை காப்பீட்டு அதிகாரிகள் யாரையாவது பேட்டி எடுத்தால் இந்தக் கேள்வியை நேராகக் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்