ஹூபர் எப்படி ஹூவர் ஆனார்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. "அமெரிக்காவில் இறங்கியதும் துறைமுகக் குமாஸ்தா ஹூபரை ஹூவர் என்று மாற்றிவிட்டானாமே?" என்று கேட்டிருந்தாய். இந்தக் குமாஸ்தா கதையை முதலில் மூட்டை கட்டி வை. நியூயார்க்கில் குடியேறிகளைச் சரிபார்த்த எல்லிஸ் தீவு நிலையமே 1892இல்தான் திறந்தது. அங்கே இருந்த அதிகாரிகள் யாருக்கும் பெயர் வைக்கவில்லை. கப்பல் கிளம்பிய துறைமுகத்தில் எழுதிக்கொடுத்த பயணிகள் பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். நீ தேடும் அந்திரெயாஸ் ஹூபரோ, அமெரிக்க அதிபர் ஹெர்பர்ட் ஹூவரின் மூதாதை, 1738இலேயே பென்சில்வேனியா போய்விட்டவர்.

பெயர் மாறியது வாயில்தான். ஹூபரில் வரும் ப, 'அன்பு'வில் வரும் ப மாதிரி. அவர் ஊர் இருந்த தென்மேற்கு ஜெர்மனியின் பலாட்டினேட் பகுதிப் பேச்சில் இரண்டு உயிருக்கு நடுவில் அந்த ஒலி வ-வாகிவிடும். 'ஆபர்' அங்கே 'அவ்வர்', 'லீபர்' அங்கே 'லீவர்'. ஆக ஊரிலேயே அவரை 'ஹூவர்' என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள். பக்கத்து ஸார்லாந்தில் ஹூவர் என்றே எழுதிக்கொள்ளும் குடும்பங்கள் இன்றும் உண்டு. ஆங்கிலேயன் காதில் விழுந்ததை அவன் எழுத்தில் எழுதினான். இதில் பிழையே இல்லை என்பது என் கட்சி. இன்னோர் அதிபரான ஐசன்ஹவரின் ஜெர்மன் பெயரும் இப்படித்தான்: எழுத்து மாறியது, ஒலி அப்படியே இருக்கிறது. வேபர், வீவர் ஆனதில்தான் வம்பு. வேபர் என்றாலும் நெசவாளி, ஆங்கில வீவர் என்றாலும் நெசவாளி. பொருள் பார்த்து மாற்றினார்களா, ஒலி பார்த்தா என்று பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

பெயரின் பொருளைக் கேட்டாயே. 'ஹூபே' என்பது நில அளவு. வடக்கே 'ஹூஃபே' என்பார்கள். ஓர் ஏர் வைத்து ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான நிலம். பல இடங்களில் 30 மோர்கன் (அதுவும் ஒரு பழைய நில அளவு) என்று கணக்கு. மோர்கனே ஊருக்கு ஊர் மாறும் என்பதால் ஹெக்டேரில் துல்லியமாகச் சொல்லப் போகாதே. பவேரியாவில் வரிக்காகப் பண்ணைகளைத் தரம் பிரித்தார்கள்: முழுப் பண்ணைக்காரர் மையர், அரைப் பண்ணை ஹூபர், கால் பண்ணை லேனர். அங்கே மையரும் ஹூபரும் தெருவுக்குத் தெரு இருப்பது இதனால்தான். கிழக்கே சாக்சனி, சிலேசியா பக்கம் இதே சொல்லிலிருந்து ஹூப்னர் வந்தது.

இதிலிருந்தே ஒன்று புரிந்திருக்கும்: ஹூபர் என்பது குலப்பெயர் அல்ல, நிலத்தை வைத்து வந்த பெயர். இரண்டு ஹூபர்கள் உறவாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. பவேரியா, ஆஸ்திரியாவில் இன்னும் சிக்கல். பண்ணைக்கு ஒரு பெயர் உண்டு. அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு போன மருமகனுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். இப்படித் தகப்பன் ஒரு பெயரிலும் மகன் இன்னொரு பெயரிலும் பதிவேட்டில் நிற்பார்கள்.

இவர்கள் பாதையைப் பார். முப்பதாண்டுப் போர் 1648இல் முடிந்தபோது பலாட்டினேட்டில் ஊர் ஊராக ஆளில்லை. வெற்று நிலத்துக்குச் சுவிட்சர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் ஏராளம். ஹூபர்களும் அதில் உண்டு. 1688இல் தொடங்கிய அடுத்த போரில் பிரெஞ்சுப் படை ஊர்களைக் கொளுத்தியபோது பல தேவாலயப் பதிவேடுகளும் போயின. 1700க்கு முன்னால் கயிறு அறுந்துபோனால் அலட்டிக்கொள்ளாதே, சுவிஸ் பக்கம் தேடு. பிறகு பலாட்டினேட்டில் அந்திரெயாஸின் ஊரான எல்லர்ஸ்டாட்டிலிருந்து பென்சில்வேனியா, அங்கிருந்து வட கரோலினா, ஒஹையோ, கடைசியில் அயோவாவின் வெஸ்ட் பிராஞ்ச். அங்கே 1874இல் பிறந்தவர்தான் பின்னால் அதிபரான ஹெர்பர்ட் ஹூவர்.

தேடும்போது கடல் தாண்டிய அமெரிக்கப் பக்கத்திலிருந்து பின்னோக்கி வா. சொந்த ஊர் தெரியாமல் ஜெர்மனியில் ஹூபரைத் தேடினால் காலம் போவதுதான் மிச்சம். பென்சில்வேனியாவில் 1727 முதல் ஜெர்மானியர் இறங்கியதும் ஆங்கிலேய அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கவேண்டும் என்று விதி. கப்பல்தலைவனின் பட்டியல் ஒன்று, பிரமாணப் பட்டியல்கள் இரண்டு. முதலாவது காதால் கேட்டு எழுதியது. மற்றவற்றில் எழுதத் தெரிந்தவர்கள் தாங்களே ஜெர்மன் எழுத்தில் கையெழுத்திட்டார்கள். தெரியாதவர்களுக்குக் குமாஸ்தா எழுத, இவர்கள் குறி போட்டார்கள். ஒரே ஆள் ஒரே வாரத்தில் இரண்டு எழுத்துக்கூட்டலில் கிடைப்பது சர்வசாதாரணம். கையெழுத்து இருந்தால் அதை நம்பு. பிரமாணம் 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு மட்டுமே. பெண்கள், சிறுவர்கள் அதில் இல்லையென்றால் அவர்கள் வரவில்லை என்று பொருளல்ல.

தேதியில் கவனம். பலாட்டினேட்டின் புராட்டஸ்டண்டுகள் 1700இலேயே இன்று நாம் வைத்திருக்கும் புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டார்கள். ஆங்கிலேயர் 1752 வரை பழையதில். ஆக 1738இல் பிலடெல்பியா தேதி 11 நாள் பின்தங்கியிருக்கும். அவர்களுக்கு ஆண்டும் மார்ச் 25இல்தான் பிறந்தது. அங்கே பிப்ரவரி 1738 என்று எழுதியிருந்தால் நம் கணக்குக்கு அது 1739.

இனி உன் கையில் இருக்கும் ஞானஸ்நானப் பதிவு. குர்ரெண்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்தில் 'எ' ஒலிக்கான எழுத்து பார்வைக்கு 'ந' ஒலிக்கான எழுத்து மாதிரியே இருக்கும். 'உ' ஒலிக்கான எழுத்தும் அதே இரண்டு கோடுதான். பிரித்துக்காட்ட மேலே ஒரு சின்ன வளைவு போடுவார்கள். அந்த வளைவை, ஒலியை மாற்றும் இரட்டைப் புள்ளி என்று நினைத்து அட்டவணையில் 'ஹ்யூபர்' என்று ஏற்றியிருப்பார்கள். அங்கேயும் தேடு. பெண்களுக்கு 'ஹூபரின்' என்று வால் இருக்கும், அது வேறு குடும்பமல்ல. அண்ணன் தம்பி எல்லோருக்கும் முன்னால் 'யோஹான்' இருந்தால் அதை விட்டுவிடு; அழைத்தது இரண்டாம் பெயரால். பதிவின் ஓரத்தில் சிலுவைக் குறி இருந்தால் குழந்தை இறந்துவிட்டது. அடுத்த பிள்ளைக்கும் அதே பெயரையே வைப்பார்கள். இறந்த பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்பி வம்சம் வளர்த்தவர்கள் எத்தனையோ பேர்! அடக்கப் பதிவேட்டையும் பார்த்துவிடு.

ஊரை விட்டுப் போனவர்களைப் போதகர் சிலசமயம் பக்க ஓரத்தில் குறித்திருப்பார்: 'பென்சில்வேனியாத் தீவுக்கு' என்று. ஆமாம், தீவு என்றே எழுதினார்கள். அந்தச் சொல்லைக் கண்டால் குழம்பாதே. அடிமைக் குடியாக இருந்தவர்கள் விடுதலைக் கட்டணம் கட்டித்தான் கிளம்பமுடியும். அந்த வரிக் கணக்குகள் ஸ்பையர், கார்ல்ஸ்ரூஹ ஆவணக்காப்பகங்களில் இருக்கின்றன. தேவாலய ஏடு இல்லாதபோது கைகொடுப்பது அதுதான்.

நகலை அனுப்பும்போது உன் வரியை மட்டும் வெட்டி அனுப்பாதே. முழுப் பக்கமும் வேண்டும். அதே கை வேறு சொற்களில் அந்த எழுத்துகளை எப்படிச் சுழித்திருக்கிறது என்று பார்த்தால்தான் பெயரைப் படிக்கமுடியும்.

அன்புடன்,
சேது