வாசலுக்கு வராதவர்களுக்கும் சேர்த்து ஒரு நன்றி மடல்

அன்புள்ள அம்மா அப்பாக்களுக்கும், தாத்தா பாட்டிகளுக்கும், அக்கா அண்ணன்களுக்கும், வேன் ஓட்டுநர்களுக்கும், எங்கள் பள்ளியின் ஊழியர்களுக்கும்,

வணக்கம்.

கல்வியாண்டு முடிந்துவிட்டது. ஆண்டு விழாவில் நன்றியுரையும் சொல்லியாகிவிட்டது. ஆனால் மைக்கைப் பிடித்துச் சொல்லும் நன்றி எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் போய்ச் சேரும். இந்த ஆண்டு எங்கள் தொடக்கப் பள்ளிக்குக் கைகொடுத்தவர்களில் பலர் அன்று அரங்கில் இல்லை. சிலருக்கு வேலை, சிலருக்குக் கைக்குழந்தை, சிலருக்குப் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவே ஒரு தயக்கம். தலைமையாசிரியர் என்ற முறையில் அவர்களையும் சேர்த்து எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதல் நன்றி, வீட்டில் பிள்ளை படிப்பதை உட்கார்ந்து கேட்டவர்களுக்கு.

வாரக் கடைசியில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கதைப் புத்தகம் வீட்டுக்கு எடுத்துப்போகும் ஏற்பாடு உங்களுக்குத் தெரியும். அது தொடங்கியபோது இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் அம்மா வகுப்பாசிரியரைத் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கு எழுத்துக் கூட்டக்கூட வராது டீச்சர், நான் என்னத்தைச் சொல்லிக் கொடுக்கிறது?" என்று கேட்டார். "நீங்க ஒண்ணும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். அவ படிக்கட்டும், நீங்க படத்தைப் பார்த்துக் கேள்வி கேளுங்க" என்றார் ஆசிரியர். இது யாரு, ஏன் அழறான், அப்புறம் என்ன ஆச்சு? இவ்வளவுதான். சில மாதங்களில் அந்தச் சிறுமி வகுப்பில் படிக்கும்போதும் பக்கத்தைத் திருப்புவதற்கு முன் நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும், சொல்லுங்க பார்ப்போம்" என்று மற்ற பிள்ளைகளைக் கேட்க ஆரம்பித்துவிட்டாள். டைரியில் 'கேட்டவர் கையொப்பம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் அந்த அம்மா வாரம் தவறாமல் ஒரு பூ வரைந்து அனுப்பினார். போகப் போகப் பூவுக்கு இலை வந்தது, தண்டு வந்தது. அந்த டைரியைத் திருத்த வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இரவுப் பணிக்குப் போகும் அப்பா ஒருவர், மகன் தூங்கப் போகும் நேரத்தில் வீட்டில் இருக்க முடியாததால், இடைவேளையில் கதையைக் குரல் பதிவாக அனுப்பிவந்தார். பின்னணியில் இயந்திரச் சத்தம் கேட்கும். பையனுக்கு அந்தச் சத்தமும் கதையில் ஒரு பகுதியாகிவிட்டது. அவன் வகுப்பில் கதை சொன்னால் சிங்கத்துக்குப் பின்னாலும் ஏதாவது ஒரு இயந்திரம் ஓடும்.

இதெல்லாம் ஆறுதலுக்காகச் சொல்வது இல்லை. இங்கிலாந்தில் கல்வித்துறைக்காக சார்லஸ் டெஸ்ஃபோர்ஜஸ் 2003இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து எழுதிய அறிக்கை ஒன்று உண்டு. தொடக்கப் பள்ளி வயதில், பெற்றோர் வீட்டில் காட்டும் அக்கறை கூடுவதும் குறைவதும் பிள்ளையின் படிப்பை எவ்வளவு மாற்றுகிறதோ, அந்த அளவுக்குப் பள்ளிக்குப் பள்ளி உள்ள தர வேறுபாடு மாற்றுவதில்லை என்பது அதில் வந்த முடிவு. ஒரு தலைமையாசிரியருக்கு இதைப் படிக்கக் கொஞ்சம் வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும். இருந்தாலும் உண்மை உண்மைதானே. அந்த அக்கறை என்பது வீட்டில் நடக்கும் பேச்சு, பிள்ளைமேல் வைக்கும் நம்பிக்கை. பள்ளிக் கூட்டத்துக்கு எத்தனை முறை வந்தீர்கள் என்ற கணக்கு அதில் பெரிதாக எடுபடவில்லை.

அடுத்து, எங்களிடம் வாய்திறந்து சொன்னவர்களுக்கு.

"இவனுக்கு இடது காது கொஞ்சம் மந்தம், ஆனா யார்கிட்டயும் சொல்ல மாட்டான்" என்று ஒரு பாட்டி போகிற போக்கில் சொன்னார். மறுநாளே அவன் இடம் மாறியது. கவனமில்லாத பிள்ளை என்று வாங்கிய பெயரும் அதோடு போனது. வீட்டில் வேலை போயிருக்கிறது, தாத்தா மருத்துவமனையில் இருக்கிறார், அடுத்த மாதம் வீடு மாறுகிறோம் என்று பலர் சொன்னீர்கள். இதையெல்லாம் வெளியாளிடம் சொல்ல எவ்வளவு மனசு வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். சொன்ன விஷயம் வகுப்பாசிரியரைத் தாண்டிப் போகவில்லை.

வேன் ஓட்டுநர்களை இந்த இடத்தில்தான் சொல்ல வேண்டும். வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் பிள்ளையைப் பார்க்கிற ஒரே ஆள் அவர்தான். யார் ஜன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தது, யார் யாரோடு பேச்சை நிறுத்தியது, எல்லாம் அவருக்கு முதலில் தெரியும். "இன்னைக்கு அந்தப் பொண்ணைக் கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று வாசலில் இறக்கிவிடும்போது அவர் சொல்லும் ஒரு வரி, எங்கள் காலைப் பொழுதைப் பல முறை மாற்றியிருக்கிறது.

பிள்ளைகளை வரிசையாக நடத்தியே பள்ளிக்குக் கூட்டிவரும் நடைவரிசையைப் பார்த்துக்கொண்டவர்களைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த யோசனையை 1990களின் தொடக்கத்தில் பரப்பியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டேவிட் எங்விக்ட். நடந்தே போகும் பள்ளிப் பேருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். தடம் உண்டு, நிறுத்தம் உண்டு, நேரம் உண்டு. வண்டி மட்டும் கிடையாது. முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒரு பெரியவர், நடுவில் பிள்ளைகள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வரிசை நீளும்.

கேட்கச் சுலபமாக இருக்கும். நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முன்னால் நடப்பவர் வேகமாகப் போனால் வரிசை அறுந்துவிடும், மெதுவாகப் போனால் மணி அடித்துவிடும். இருப்பதிலேயே சின்னக் காலுக்கு ஏற்ற வேகம்தான் எல்லோருக்கும் வேகம் என்று நீங்களே ஒரு விதி வைத்துக்கொண்டீர்கள். பின்னால் வருபவரின் பாடு இன்னும் கஷ்டம். செருப்பு வார் அறுந்தவன், எறும்பு வரிசையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டவள், தண்ணீர் பாட்டிலை வீட்டில் மறந்து பாதி வழியில் அழுகிறவன், எல்லோரும் அவர் பொறுப்பு. ஒரு தாத்தா எறும்பைப் பார்க்கிற பிள்ளையை இழுத்துக்கொண்டு வர மாட்டார். தானும் குனிந்து பார்ப்பார். பிறகு, "இதுங்க நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துடும், நாம போக வேண்டாமா?" என்பார். பிள்ளை எழுந்துவிடும்.

இதன் பலன் வருகைப் பதிவேட்டில் தெரிந்தது. மாதத்துக்கு இரண்டு நாள் விடுப்பு என்றால் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. பத்து மாதத்தில் அது இருபது நாள், அதாவது ஏறக்குறைய ஒரு மாதப் பாடம். அமெரிக்காவில் பள்ளி நாட்களில் 10 சதவீதம் விடுபட்டாலே அதைத் தொடர் வராமை என்று தனியாகக் கவனிக்கிறார்கள். எங்கள் பள்ளியில் அடிக்கடி விடுப்பு எடுத்த பிள்ளைகளில் சிலர், வீட்டில் கொண்டுவந்து விட ஆள் இல்லாமல் நின்றவர்கள். கூட்டிப் போக ஆட்கள் வந்ததும் அவர்கள் வந்துவிட்டார்கள். எச்சரிக்கைக் கடிதம் எதுவும் அனுப்பத் தேவைப்படவில்லை.

வாசிப்பறையைச் சீரமைத்தவர்களுக்கு நன்றி. தச்சு வேலை தெரிந்தவர் அலமாரியைச் சரிசெய்தார், கிழிந்த புத்தகங்களுக்கு இரண்டு அம்மாக்கள் முதுகு ஒட்டினார்கள், சுவருக்கு வர்ணம் அடித்தவர்கள் தரைக்கும் கொஞ்சம் அடித்தார்கள். அன்று ஒருவர், "இதெல்லாம் பள்ளி செய்ய வேண்டிய வேலை இல்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மேற்கூரையும் கழிப்பறையும் பெற்றோரின் சுமையாக ஒருநாளும் ஆகக்கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அன்று எனக்கு நினைவுக்கு வந்தது வடக்கு இத்தாலியில் ரெஜ்ஜோ எமிலியா நகருக்குப் பக்கத்தில் உள்ள வில்லா செல்லா என்ற சிற்றூர். 1945இல் போர் முடிந்த கையோடு, ஜெர்மானியப் படை விட்டுப்போன ஒரு டாங்கியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்று, அந்தப் பணத்தில் ஊர்மக்களே ஒரு மழலையர் பள்ளியைக் கட்ட ஆரம்பித்தார்கள். செய்தி கேள்விப்பட்ட லோரிஸ் மலகுத்ஸி என்ற இளம் ஆசிரியர், சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரில் பார்க்கப் போனார். இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் ரெஜ்ஜோ எமிலியா கல்விமுறை அங்கே துளிர்த்ததுதான். நம்மிடம் டாங்கி இல்லை, இரண்டு டப்பா வர்ணம்தான் இருந்தது. ஆனால் கை வைத்த இடம் நம்முடையது என்ற உரிமை பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்கிறது. "இது எங்க அப்பா அடிச்ச ஆணி" என்று ஒருவன் வருகிற விருந்தினரை எல்லாம் அலமாரிக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறான்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜாய்ஸ் எப்ஸ்டீன் என்ற ஆய்வாளர், குடும்பமும் பள்ளியும் சேரும் வழிகளை ஆறாகப் பிரித்திருக்கிறார். பிள்ளை வளர்ப்பு, தகவல் பரிமாற்றம், தன்னார்வ உதவி, வீட்டில் கற்றல், முடிவெடுப்பதில் பங்கு, ஊரோடு கைகோப்பது. எங்கள் ஆசிரியர் அறையில் அந்த ஆறும் எழுதி ஒட்டியிருக்கிறது. பொதுவாகப் பள்ளிகள் பாராட்டுவது மூன்றாவதை. எனக்கு இந்த ஆண்டு மலைப்பாக இருந்தது ஐந்தாவது. கூட்டத்தை எப்போதும் மதியத்தில் வைத்தால் கூலி வேலைக்குப் போகிறவர்கள் எப்படி வருவார்கள் என்று கேட்ட அம்மாவுக்கு நன்றி. ஒரு மாதம் மதியம், ஒரு மாதம் மாலை என்று மாறியது அவரால்தான். மாலைக் கூட்டத்துக்காகத் தங்கிய ஆசிரியர்களுக்கும், அன்று அவர்களுக்காக வீட்டில் காத்திருந்தவர்களுக்கும் நன்றி.

புதிதாகக் குடிவந்த குடும்பங்களுக்கு நம் பள்ளியின் மொழி பிடிபடவில்லை. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டத்தில் பேசியதை மெல்லிய குரலில் மாற்றிச் சொன்னவர்களுக்கு நன்றி. இத்தனைக்கும் அவர்களும் ஒரு காலத்தில் புதிதாக வந்தவர்கள்தான். வீட்டு மொழியில் கதை சொல்வதை நிறுத்த வேண்டாம் என்று அந்தக் குடும்பங்களிடம் நாங்கள் சொன்னதை நம்பியவர்களுக்கும் நன்றி. பள்ளியின் மொழியைப் பிள்ளைக்குக் கற்றுத்தருவது எங்கள் வேலை. பாட்டியின் கதையை நாங்கள் சொல்ல முடியாது.

வாட்ஸ்அப் குழுவைப் பார்த்துக்கொண்ட இருவருக்கு ஒரு கும்பிடு. எந்தப் பிள்ளையைப் பற்றிய புகாரும் குழுவில் வரக்கூடாது, நேரில்தான் பேச வேண்டும் என்று கறாராக நின்றீர்கள். காலை வணக்கப் படங்களை மட்டும் உங்களாலும் தடுக்க முடியவில்லை. சரி, போகட்டும்.

எங்கள் ஆசிரியர்களுக்கும் இந்த மடலில் பங்கு உண்டு. பள்ளியிலிருந்து போன் வந்தாலே எடுத்தவுடன் "என்ன ஆச்சு?" என்றுதான் வீட்டில் கேட்பார்கள். அந்தப் பதற்றத்தை மாற்ற வேண்டும் என்று நல்ல செய்திக்கு மட்டும் போன் செய்யும் பழக்கத்தை மூன்றாம் வகுப்பு ஆசிரியர் கொண்டுவந்தார். "ஒண்ணும் ஆகலைங்க, உங்க பையன் இன்னைக்குக் கீழே விழுந்த பிள்ளையைத் தூக்கிவிட்டான், அதைச் சொல்லத்தான்." மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே வராது. பிறகு அதே வீட்டிலிருந்து, வீட்டுப்பாடம் செய்யவில்லை என்ற செய்திக்கும் பொறுமையான பதில் வரும்.

வகுப்பறைகளைப் பெருக்கும் அக்காவுக்கு, எந்தக் குடை யாருடையது என்று பெயர் எழுதாமலேயே தெரியும். அவர் இல்லாத நாளில் தொலைந்த பொருள் பெட்டி நிரம்பி வழிகிறது. அலுவலகத்தில் உள்ளவர், படிவம் நிரப்பத் தெரியாமல் தயங்கி நிற்பவர்களைக் கண்டதும் "உட்காருங்க, சேர்ந்தே எழுதிடலாம்" என்று நாற்காலியை இழுத்துப் போடுகிறார். அந்த நாற்காலிக்குத் தனியாக ஒரு நன்றி.

பிள்ளைகளே, உங்களுக்கும். உங்களைப் பற்றிய விஷயத்தில் உங்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு சொல்கிறது. கேட்டோம். பை மாட்டும் கொக்கி எட்டவில்லை என்றீர்கள். இறக்கி அடித்தாயிற்று. விடுமுறையை நீட்டிக்கச் சொன்ன கோரிக்கை மட்டும் பரிசீலனையில் இருக்கிறது.

கடைசியாக ஒரு விஷயம், இது நன்றியில் சேராது. வரும் ஆண்டு நடைவரிசையில் இரண்டு தடங்களுக்குப் பின்வரிசை ஆள் இன்னும் கிடைக்கவில்லை. வாரத்தில் ஒரே ஒரு காலை போதும். விருப்பம் உள்ளவர்கள் பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். நேரில் வர முடியாவிட்டால் பிள்ளையின் டைரியில் எழுதி அனுப்புங்கள். எழுதத் தோதில்லை என்றால் வேன் ஓட்டுநரிடம் சொல்லி அனுப்பினாலும் எங்களுக்கு வந்து சேர்ந்துவிடும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்