ஜன்னலைப் பெயர்க்க வேண்டாம் மக்கா

அன்புள்ள மக்கா,

கடிதம் கிடைத்தது. மூத்தவளுக்கு நல்ல இடம் அமைந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் முட்டிவலி இப்போது தேவலை, மாடிப்படி ஏற முடிகிறது.

கல்யாணத்துக்கு முன்னால் ஜன்னல்களை எல்லாம் பெயர்த்துவிட்டு யு.பி.வி.சி. பிளாஸ்டிக் ஜன்னல் போடப்போவதாக எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. உங்க அப்பா பார்த்துப் பார்த்து வைத்த அயினி மரம் அது. அப்படி வைரம் பாய்ந்த மரம் இன்று காசு கொடுத்தாலும் லேசில் கிடைக்காது. கீழ்ச்சட்டம் இற்றுப்போனதற்காக நன்றாக இருக்கிற மற்ற மூன்று பக்கத்தையும் ஏன் எறிய வேண்டும்?

போன கோடையில் எங்கள் மேற்கு ஜன்னலுக்கும் இதே கதைதான். ஆசாரி வந்ததும் உளியை எடுக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரால் சட்டம் நெடுகக் குத்திப் பார்த்துக்கொண்டே போனார். நல்ல மரத்தில் முனை நின்றுவிட்டது. கம்பிகள் இறங்கும் இடத்தில் மட்டும் டீயில் நனைந்த ரஸ்க்கில் இறங்குவது போல இறங்கியது. சாரல் தண்ணீர் கம்பி வழியாக வடிந்து துளைக்குள் தங்கிவிடுகிறது. கம்பி துருப்பிடித்துப் பருக்கிறது, மரம் பிளக்கிறது, அந்தப் பிளவில் இன்னும் தண்ணீர். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நம் ஊரிலோ ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. மரம் காய எங்கே நேரம்?

அதோடு, வெளியே ஜன்னல் திண்டுக்கு எப்போதோ பூசிய சிமெண்டு உள்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பெய்த தண்ணீரெல்லாம் மரத்தின் காலடிக்கே வந்தது. அதனால் முதல் வேலை கொத்தனாருக்கு. திண்டைக் கொத்தி, வெளியே வாட்டம் வரும்படி பூசினார். இதைச் செய்யாமல் மரத்தை மட்டும் மாற்றினால் புது மரமும் அதே வழியில்தான் போகும்.

பிறகு இற்ற பகுதியை நல்ல மரம் தெரியும்வரை செதுக்கி எடுத்தார்கள். வெயிலில் நன்றாகக் காயவிட்டோம். ஈரத்தோடு எம்-சீல் மக்கு வைத்து அடைத்தால் உள்ளே அழுகல் தொடரும், அதில் மட்டும் அவசரப்படாதே. போராக்ஸும் போரிக் ஆசிடும் வெந்நீரில் கரைத்துப் பூசினோம். பூஞ்சைக்கும் கரையானுக்கும் அது ஆகாது. ஆனால் மழை பட்டால் கரைந்து போய்விடும் என்பதால் மேலே பெயிண்ட் கட்டாயம். சின்னப் பள்ளத்துக்கு எம்-சீல் போதும். கம்பி வரிசைக்கு வெளியே பாதிச் சட்டம் போயிருந்த இடத்தில், பழைய வீடு இடித்த அயினித் துண்டை அளவாக இழைத்து ஒட்டுப் போட்டார். சேர்மானத்தைச் சாய்வாக வெட்டினார், தண்ணீர் உள்ளே இறங்காமல் வெளியே ஓட.

புதுத் துண்டின் எல்லா முகத்துக்கும் பொருத்துவதற்கு முன்பே பிரைமர் அடிக்கச் சொல். ரம்பம் வெட்டிய முனைகளுக்கு இரண்டு தரம், அங்கேதான் மரம் அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். சட்டத்தின் அடியில் விளிம்பை ஒட்டி ஒரு காடி, அதாவது நீளப் பள்ளம், இழுக்கச் சொல். அடிப்பக்கமாக ஊர்ந்து சுவருக்குப் போகிற தண்ணீர் அங்கே அறுந்து சொட்டிவிடும். கம்பியின் அடியைச் சுரண்டி துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு பெயிண்ட் பூசி, துளையைச் சுற்றி அடைத்துவிடு.

இந்த மழைக்கு எங்கள் ஜன்னல் அசையவில்லை.

நீயும் நாளைக்கே குத்திப் பார். எந்த ஜன்னல், எந்தத் திசை, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று எழுது. சட்டத்துக்குக் கீழே மெல்லிய பொடி கொட்டிக் கிடந்தால் அது வண்டு, வைத்தியம் வேறு. யு.பி.வி.சி.க்கு முன்பணம் கொடுத்துவிடாதே. மழை விட்டதும் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு நானே வருகிறேன், பந்தல்கால் நடுவதற்குள் முடித்துவிடலாம்.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து வீட்டுக்காரன்